குறுந்தட்டில் பழைய ராக் இசை

பழைய ராக் இசைத்தொகுதி ஒன்று குறுந்தட்டாக மறுபதிப்புப் பெறும்பொழுது, வாங்குவோர் கண் முதலில் உறையின்மீது செல்வது இயல்பு. ஆயின் அதன் தகுதியை உறுதி செய்வது, ஒலி எந்த நாடாவிலிருந்து, எம்முறையில் எடுக்கப்பட்டது என்பதேயாம்.

இசைக்கு உயிர் மெல்லொலியும் வல்லொலியும் மாறி வருவதில் உள்ளது. குறுந்தட்டு ஏறத்தாழ 96 டெசிபல் வேறுபாட்டைத் தாங்கவல்லது. அவ்வாறிருந்தும், 1990-களிலிருந்து மறுபதிப்புகள் பலவற்றில், உரத்து ஒலிக்கவேண்டி மெல்லொலியை உயர்த்தி வல்லொலியை நசுக்கினர். முரசின் அதிர்வு மழுங்கிற்று. கேட்போர் செவியும் விரைவில் சலித்தது.

இதற்கு மாறான சான்று பீட்டில்ஸ் குழுவினரின் தொகுதிகள். 1987-இல் குறுந்தட்டாக வந்த அவை, 2009 செப்டம்பர் 9-இல் புதுப்பொலிவு பெற்றன. இலண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தார் இதற்கு நான்காண்டுகள் உழைத்தனர். மூல நாடாவிலிருந்து பாடல் பாடலாகப் படியெடுத்தனர். ஒவ்வொரு பாடலுக்கும் இடையே கருவியில் படிந்த தூசியைத் துடைத்தனர். 525 நிமிட இசையில் இரைச்சல் நீக்கியது ஐந்து நிமிடத்திற்கும் குறைவே. ஏன்? இரைச்சலை மிகையாகக் களைந்தால், அதனோடு இசையின் நுண்மையும் போய்விடும். மோனோ பேழையில் உரப்பைக் கூட்டவே இல்லை. பழைய இசைத்தட்டு உறைகளையும் சிற்றுருவில் அவ்வாறே அச்சிட்டு அளித்தனர்.

அழகிய உறை பழமையை நினைவூட்டும். அப்பழமையைக் காப்பதோ நேர்மையான ஒலியே. உரப்பு வேறு, தெளிவு வேறு என்பதை உணர்ந்து வாங்குவோர் ஏமாறார்.