சமாரியன் அடையாள அட்டை கேட்டானா?



கொல்கத்தாவின் சியால்தா ரயில் நிலையத்தை உங்களில் பலர் அறிவீர்கள். பங்களாதேஷ் எல்லையோர ஊர்களிலிருந்து வரும் ரயில்கள் அங்கேதான் வந்து நிற்கின்றன. நிலையத்துக்கு அருகிலேயே என்.ஆர்.எஸ். அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. நடந்தால் சில நிமிட தூரம். ஆனால் கையில் ஒரு காகிதமும் இல்லாத வியாதியஸ்தனுக்கு அதுவே கடக்கமுடியாத தூரமாகிவிடுகிறது. பெயரையும் ஊரையும் கேட்பார்களே, அட்டையைக் கேட்பார்களே என்ற பயம், ஜுரத்தைவிட அதிகமாய் அவனை நடுங்கப்பண்ணுகிறது. ஆகையால் அவன் மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, வியாதி முற்றும்வரை படுத்திருக்கிறான்.

"பிழைக்க வந்த நமக்கும் அவனுக்கும் என்ன?" என்று ஒருவேளை நீங்கள் கேட்கலாம். நம் ஜனத்தின் சரித்திரத்தைச் சற்றே திரும்பிப் பாருங்கள். 1942ல் யுத்தத்துக்குத் தப்பி பர்மாவிலிருந்து காடும் மலையும் கடந்து கால்நடையாய் வந்தவர்களில் எத்தனையோ பேர் தமிழர். இலங்கையில் 1948ஆம் வருஷத்துச் சட்டம், மலையகத் தோட்டங்களில் உழைத்த லட்சக்கணக்கான தமிழரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக்கிற்று. 1964ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாய்ப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதியாயிருந்த 1,50,000 பேரின் காரியம் 1974 வரை தீர்மானிக்கப்படவில்லை. நாடற்றவன் என்ற சொல் நமக்கு அந்நியமானதல்ல.

வங்காள மண்ணில் நடந்தவை

1971ஆம் வருஷம் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறக்குறைய ஒரு கோடி ஜனங்கள் இந்தியாவுக்குள் வந்தார்கள். முகாம்களில் காலரா பரவிற்று. எல்லையோரத்திலுள்ள போன்காவ் அரசு ஆஸ்பத்திரியின் தரையெல்லாம் நோயாளிகள் கிடந்தார்கள். நரம்பில் ஏற்றும் சலைன் போதவில்லை. அங்கே ஊழியம் செய்த டாக்டர் திலீப் மகாலனோபிஸ், ஒரு லிட்டர் தண்ணீரில் 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு கலந்து, அதை நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துக் குடிக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை மரித்துக்கொண்டிருந்த இடத்தில், இந்தக் கரைசலைப் பெற்றவர்களில் மரித்தவர்கள் நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. இன்று நம் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டால் நாம் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் பெருமையை உலகம் அறிந்துகொண்டது, இப்படி அகதிகளுக்குச் செய்யப்பட்ட வைத்தியத்தினால்தான். அவர் 2022ல் காலமானார்.

இதே நகரத்துக்கு 1954ல் வந்த மிஷனெரி மார்க் பன்டெயின், பிரசங்கத்தோடு நிறுத்தவில்லை. பசித்தவர்களுக்கு ஆகாரமிட்டார், 1977ல் பார்க் ஸ்ட்ரீட்டில் ஆஸ்பத்திரியும் உண்டாயிற்று. பெந்தெகொஸ்தே விசுவாசத்துக்கும் வைத்தியத்துக்கும் பகையில்லை என்பதற்கு அது சாட்சி.

சட்டம் என்ன சொல்லுகிறது?

1992 ஜூலை 8ஆம் தேதி, மதுராப்பூர் நிலையத்தில் ஒரு விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயமடைந்தார். அரசு ஆஸ்பத்திரிகள் பலவற்றுக்கு அவரைக் கொண்டுசென்றும், படுக்கையில்லை, வசதியில்லை என்று திருப்பியனுப்பினார்கள். முடிவில் தனியார் ஆஸ்பத்திரியில் சுமார் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். 1996 மே மாதம் சுப்ரீம் கோர்ட், அவசர சிகிச்சையை மறுப்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கும் ஜீவனுக்குரிய உரிமையை மீறுவதாகும் என்று தீர்ப்பளித்து, 25,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் செய்தது. பணமில்லை என்று அரசு சாக்குச் சொல்லக்கூடாது என்றும் சொல்லிற்று.

அவர் இந்தியர். அந்நியருக்கும் அந்த உரிமை உண்டோ? ஹவுரா நிலையத்தின் ரயில்வே விடுதியில் கொடுமைக்குள்ளான ஒரு பங்களாதேஷ் பெண்ணின் வழக்கில், 2000ஆம் வருஷம் அதே நீதிமன்றம் 21ஆம் பிரிவு குடிமக்களை மாத்திரமல்ல, இந்த மண்ணிலிருக்கும் எந்த மனுஷரையும் காக்கிறது என்றது.

ஆனாலும் ஒரு காரியத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். அகதிகளைக் குறித்த 1951ஆம் வருஷத்துச் சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2025 செப்டம்பர் 1 முதல் அமலிலிருக்கும் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம், உள்நோயாளியாய்ச் சேரும் வெளிநாட்டவரைக் குறித்து ஆஸ்பத்திரிகள் தகவல் கொடுக்கவேண்டும் என்கிறது. ஆகவே அவர்களுடைய பயம் வீண்பயமல்ல. உயிரைக் காக்கவேண்டிய கடமை ஒருபுறம், தகவல் கொடுக்கவேண்டிய கடமை மறுபுறம். இரண்டுக்கும் நடுவே நோயாளி கிடக்கிறான்.

நாம் செய்யவேண்டியது

முதலாவது, தாமதியாதிருங்கள். மூச்சுத்திணறல், ரத்தப்போக்கு, பிரசவ வேதனை, குழந்தைக்கு வலிப்பு ஆகிய இவற்றில் ஒன்று கண்டால் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். போகும் வழியிலும் ஜெபிக்கலாம். ஜெபத்தைக் காரணங்காட்டி ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடுவது விசுவாசமல்ல.

இரண்டாவது, கூடப்போங்கள். வங்காள மொழி அறிந்த ஒரு சகோதரனோ சகோதரியோ அருகிலிருந்து அவுட்டோர் டிக்கெட் எடுத்து, டாக்டர் சொல்வதை விளங்கச்செய்தால் பாதிப் பயம் நீங்கும். சீட்டுகளையும் மருந்து விவரத்தையும் பத்திரப்படுத்திக் கொடுங்கள்.

மூன்றாவது, இரக்கத்தில் பொய்யைக் கலக்காதிருங்கள். மனமுருகி உங்கள் ஆதார் அட்டையைப் பிறருக்குக் கொடுக்கத் தோன்றும். கொடாதிருங்கள். அது குற்றம், அதைவிட, உங்கள் பெயரில் அவருடைய ரத்தவகையும் வியாதியும் பதிவாகிவிட்டால், ஒருநாள் அது இருவரில் ஒருவருடைய உயிருக்கே ஆபத்தாகக்கூடும். சட்ட உதவிக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணையத்தை அணுகலாம். அகதியாய்ப் பதிவுசெய்ய டில்லியில் ஐக்கிய நாடுகள் அகதிகள் அலுவலகம் இருக்கிறது.

நான்காவது, சபையில் வியாதியஸ்தருக்கென்று ஒரு சிறு நிதி வையுங்கள். வைத்தியம் இலவசமானாலும், வெளியே வாங்கும் மருந்துக்கும் கூட இருப்பவரின் ஆகாரத்துக்கும் பணம் வேண்டும். வாலிபர்கள் ரத்ததானத்துக்கு ஆயத்தமாயிருக்கலாம்.

இயேசு சொன்ன உவமையை நினைத்துக்கொள்ளுங்கள். எரிகோ சாலையில் குற்றுயிராய்க் கிடந்தவன் எந்த ஊரான் என்று சமாரியன் விசாரிக்கவில்லை. காயத்தைப் பார்த்தான், எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்தான், அதிகம் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்றான். ஒருநாள் உதவியோடு அவன் ஒதுங்கிவிடவில்லை. நம் இரட்சகரும் குழந்தையாயிருக்கையில், வாளுக்குத் தப்பி எகிப்தில் பரதேசியாய்த் தங்கினவரல்லவா?

பிரியமானவர்களே, இந்த வாரம் உங்கள் தெருவில் ஜுரத்தோடு படுத்திருக்கும் அந்த அந்நியனிடத்தில் போய், "எங்கே வலிக்கிறது?" என்று கேளுங்கள். மற்ற கேள்விகளைக் கேட்க வேறு பலர் இருக்கிறார்கள். கர்த்தர்தாமே உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.