பூட்டான் பயணமும் ஜோங்கா மொழியும்

பூட்டானைப் பற்றி நம்மிடையே வழங்கும் செய்திகள் பெரும்பாலும் இரண்டே. ஒன்று, அந்நாடு பொருள் உற்பத்தியை விடுத்து மக்களின் மகிழ்ச்சியை அளவுகோலாகக் கொள்கிறது என்பது. மற்றொன்று, அங்குச் சென்றுவரப் பெருந்தொகை வேண்டும் என்பது. இவ்விரண்டிலும் உண்மை உண்டு. எனினும், மொழி கற்பிப்போராகிய நாம் அங்குச் சென்று திரும்பியபோது நம் கருத்தில் நிலைத்தது வேறொன்றாகும். ஒரு சிறிய அரசு தன் மொழியை நிலைநிறுத்த மேற்கொண்ட முயற்சியும், அம்முயற்சியால் அந்நாட்டு மக்களுள் ஒரு சாரார் உற்ற இழப்புமே அது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வடக்கே திபெத்தும் ஏனைய திசைகளில் இந்தியாவும் சூழ, இமயமலைச் சரிவில் அமைந்துள்ள பூட்டானின் பரப்பளவு 38,394 சதுர கிலோமீட்டர். பகாங் மாநிலத்தைவிடச் சற்றே பெரிது எனலாம். 2017ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை 727,145. தாய்லாந்து, இலங்கை வழியாகத் தேரவாத பௌத்தத்தை அறிந்த நமக்கு, இங்கு வேரூன்றியுள்ள வச்சிரயான பௌத்தம் பெரிதும் புதியது. எட்டாம் நூற்றாண்டில் வந்தவராகக் கருதப்படும் பத்மசம்பவரின் உருவத்தைப் புத்தரின் உருவத்திற்கு இணையாகக் கோயில்தோறும் காண்கிறோம்.

1974இல், நான்காம் மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக்கின் முடிசூட்டு விழாவை ஒட்டியே வெளிநாட்டுப் பயணிகளுக்கு நாடு திறந்துவிடப்பட்டது. தொலைக்காட்சி வந்ததோ 1999இல்தான். பெருந்தொற்றுக் காலத்தில் மூடப்பட்ட எல்லைகள் 2022 செப்டம்பரில் மீண்டும் திறக்கப்பட்டபோது, பயணி ஒருவர் நாளொன்றுக்குச் செலுத்த வேண்டிய கட்டணம் 200 அமெரிக்க டாலராக இருந்தது. 2023 செப்டம்பரில் அது 100 டாலராகக் குறைக்கப்பட்டது. இந்தியக் குடிமக்களுக்கு 1,200 ரூபாய் மட்டுமே. மலேசிய, சிங்கப்பூர்ப் பயணிகளுக்கு இச்சலுகை இல்லை. விடுதி, உணவு, வழிகாட்டி ஆகியவற்றுக்கான செலவு இதனுள் அடங்காது என்பதைச் செல்ல விரும்புவோர் நினைவிற்கொள்ள வேண்டும்.

பாரோ பள்ளத்தாக்கிலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் செங்குத்துப் பாறையை ஒட்டி நிற்கும் தக்சாங் மடாலயத்தை எல்லாரும் காண விழைவர். 1692இல் எழுப்பப்பட்டு, 1998இல் தீக்கிரையாகி, மீண்டும் கட்டப்பட்டு 2005இல் திறக்கப்பட்டது அது. சமவெளியிற் பழகிய நம் கால்களுக்கு அவ்வேற்றம் எளிதன்று. பாதி வழிவரை குதிரைகள் கிடைக்கும் என்பதை நாம் இறங்கும்போதுதான் அறிந்தோம்.

ஆயினும், மொழியை நோக்குவோர்க்குத் தக்சாங்கைவிடப் புனாக்காக் கோட்டையே முதன்மையானது. பூட்டானை ஒரே ஆட்சிக்குக் கீழ்க் கொண்டுவந்த சப்துருங் ங்காவாங் நாம்கியால் அதனை 1637இல் கட்டத் தொடங்கினார். போ சூ, மோ சூ என்னும் ஈராறுகள் கூடுமிடத்தில் அது நிற்கிறது. 1994இல் மலைமேல் உள்ள பனியேரி ஒன்று உடைந்து பெருகிய வெள்ளம் அதன் ஒரு பகுதியைச் சிதைத்தது. அரசு அலுவலகமும் துறவியர் மடமும் ஒரே மதிலுக்குள் இயங்கும் இத்தகைய கோட்டைக்கு ‘ஜோங்’ என்று பெயர். ‘கா’ என்பது வாய், மொழி ஆகிய பொருள்களைத் தரும். எனவே ஜோங்கா என்பது ‘கோட்டையில் பேசும் மொழி’ என்றாகிறது.

கோட்டையில் பேசிய மொழியும் எழுதிய மொழியும் ஒன்றாக இருந்ததில்லை என்பது ஈண்டுச் சிறப்பாக நோக்கத்தக்கது. நெடுங்காலம் ஏட்டில் இடம்பெற்றது ‘சோக்கே’ எனப்படும் செவ்வியல் திபெத்திய மொழியே; அப்பெயரை ‘அறமொழி’ எனத் தமிழாக்கலாம். ஜோங்கா தனக்கென எழுத்து மரபு பெற்றபோது, அறமொழியின் எழுத்துக்கூட்டலைப் பெரும்பாலும் அப்படியே ஏற்றது. நாட்டின் பெயரையே சான்றாகக் காட்டலாம். ‘இடிநாகம்’ எனப் பொருள்படும் சொல் ஒலிப்பில் ‘ட்ருக்’; எழுத்திலோ ‘ப்ருக்’. ‘ஜோங்’ என்னும் சொல்லின் முன் ஒலிக்கப்படாத ரகரம் ஒன்று எழுதப்படுகிறது. எழுத்துவழக்கையும் பேச்சுவழக்கையும் ஒருங்கே கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இச்சிக்கல் அயலானதன்று. ஆனால் நம் மாணவர் ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என எழுதி ‘வந்துட்டிருக்கேன்’ எனப் பேசும்போது இரண்டிற்கும் உள்ள உறவை ஓரளவு காண முடியும். பூட்டானிய மாணவரோ பல சொற்களின் எழுத்துக்கூட்டலை ஒலியின் துணையின்றி மனனம் செய்ய வேண்டியவராகிறார்.

1971இல் ஜோங்கா தேசிய மொழியாக அறிவிக்கப்பட்டது. 1986இல் அதன் வளர்ச்சிக்கென ஆணையம் நிறுவப்பட்டது. 2006இல் ஜோங்காவில் இயங்கும் லினக்ஸ் இயங்குதளமும் வெளிவந்தது. இவையெல்லாம் பாராட்டுக்குரியவை. ஆனால் வகுப்பறையின் நிலை வேறு. 1960களில் நவீனப் பள்ளிகள் பெருகியபோது ஆசிரியர்களுள் பலர் இந்தியாவிலிருந்து, குறிப்பாகக் கேரளத்திலிருந்து சென்றவர்கள். ஆங்கிலமே பயிற்று மொழியாயிற்று. இன்றும் பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. ஜோங்கா ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. சிங்கப்பூர்ப் பள்ளியில் தமிழுக்கு உள்ள இடம் இது; மலேசியத் தமிழ்ப்பள்ளியில் தமிழ் பெற்றுள்ள இடத்தைவிடக் குறைவானது. தனி நாடும் அரசியலமைப்புச் சட்டமும் உடைய ஒரு மொழிக்கு வகுப்பறையில் இவ்வளவே இடம் என்பது நம்மைத் திகைக்க வைத்தது.

வகுப்பறையில் தளர்ந்த பிடியை அரசு உடையிலும் நடத்தையிலும் இறுக்கியது. ஆடவர்க்குக் கோ, பெண்டிர்க்குக் கிரா என்னும் உடைகளைப் பள்ளியிலும் அலுவலகத்திலும் அணிய வேண்டும் என்ற விதி பயணிகளின் கண்ணுக்கு அழகாகவே தோன்றும். நமக்கும் அவ்வாறே தோன்றியது. ‘திரிக்லாம் நாம்ஷா’ எனப்படும் இந்நெறி 1989இல் ஆணை வாயிலாக நாடு முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. தென்பகுதியில் வாழ்ந்த நேப்பாள மொழியினரான லோட்சாம்பா மக்கள்மீதும் அது சுமத்தப்பட்டது. அதே ஆண்டில் பள்ளிகளிலிருந்து நேப்பாள மொழிப் பாடம் நீக்கப்பட்டது. முந்தைய ஆண்டின் கணக்கெடுப்பிலோ, பழைய சான்றுகளைக் காட்ட இயலாத பலரின் குடியுரிமை மறுக்கப்பட்டிருந்தது. 1990இல் எதிர்ப்புகள் எழுந்து அடக்கப்பட்டன. அதன்பின் வெளியேறியும் வெளியேற்றப்பட்டும் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் கிழக்கு நேப்பாளத்தின் முகாம்களை அடைந்தனர். 2007இல் தொடங்கிய மீள்குடியேற்றத் திட்டத்தின்வழி அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அமெரிக்கா முதலிய நாடுகளுக்குச் சென்றுவிட்டனர். சில ஆயிரம் பேர் முகாம்களிலேயே தங்கினர். சுற்றுலாக் கையேடுகள் இவ்வரலாற்றைப் பேசுவதில்லை. சிறுபான்மையினராக மொழியைக் காத்துவரும் நாம் இதனைக் கடந்து செல்ல இயலாது. ஒரு மொழியின் பாதுகாப்புக்கெனக் கூறப்பட்ட காரணமே, மற்றொரு மொழியின் பாடநூல்களை வகுப்பறையிலிருந்து அகற்றியது.

இயற்கையைப் பொறுத்தவரை, நாட்டின் நிலப்பரப்பில் குறைந்தது 60 விழுக்காடு என்றென்றும் காடாகவே இருத்தல் வேண்டும் என 2008ஆம் ஆண்டு அரசியலமைப்பு விதிக்கிறது. போப்ஜிக்காப் பள்ளத்தாக்கில், திபெத்தியப் பீடபூமியிலிருந்து குளிர்காலத்தில் வந்து தங்கும் கருங்கழுத்துக் கொக்குகள் மோதி இறக்காதிருக்கும்பொருட்டு மின்கம்பிகளை நிலத்தடியில் பதித்துள்ளனர். அப்பள்ளத்தாக்கு மக்களின் வாய்மொழி ஜோங்காவன்று, நியேன்கா என்பது. நாட்டில் வழங்கும் ஏறத்தாழ இருபது மொழிகளுள் அதுவும் ஒன்று. அவற்றுள் பெரும்பாலானவற்றிற்கு எழுத்து மரபு இல்லை, பள்ளியிலும் இடமில்லை.

நம்முடன் வந்த வழிகாட்டி கிழக்குப் பூட்டானைச் சேர்ந்த இளைஞர்; தாய்மொழி ஷங்லா. பள்ளியில் ஜோங்கா கற்றவர், நம்மிடம் ஆங்கிலத்திற் பேசினார். மாலையில் விடுதி முற்றத்தில் அவர் கைப்பேசியை வாயருகே வைத்து நெடுநேரம் பேசியதைக் கண்டு, அழைப்பு என எண்ணினோம். ஊரிலுள்ள தம் தாய்க்குக் குரற்செய்தி அனுப்புவதாகக் கூறினார். ஏன் எழுதி அனுப்பவில்லை என வினவினோம். தாய்க்கு ஆங்கிலமும் ஜோங்காவும் படிக்கத் தெரியாது என்றும், ஷங்லாவை எப்படி எழுதுவதென்று தமக்கு ஒருவரும் கற்பித்ததில்லை என்றும் விடையிறுத்தார்.