எண் மாறினால் முன்தீர்ப்பு மாறுமா?

2024 அக்டோபர் 11ஆம் நாள் இரவு, மைசூரிலிருந்து தர்பங்கா நோக்கிச் சென்ற பாக்மதி விரைவுத் தொடர்வண்டி, கவரைப்பேட்டை நிலையத்தில் முதன்மைப் பாதையில் செல்ல வேண்டியது, கிளைப்பாதைக்குள் புகுந்து அங்கு நின்றிருந்த சரக்கு வண்டியின் மேல் மோதியது. உயிரிழப்பு இல்லை, பலர் காயமுற்றனர். கொருக்குப்பேட்டை இருப்புப்பாதைக் காவல்துறை வழக்குப் பதிந்தது. இதே மோதல் அவ்வாண்டு சூன் மாதத்தில் நிகழ்ந்திருந்தால் அவ்வழக்கு வேறொரு சட்டத்தின் எண்களைத் தாங்கியிருக்கும்.

2024 சூலை 1 அன்று மூன்று சட்டங்கள் ஒருசேர மாறின. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 358 பிரிவுகள் கொண்ட பாரதிய நியாய சன்ஹிதா அமர்ந்தது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தை 531 பிரிவுகள் கொண்ட பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும், 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தை 170 பிரிவுகள் கொண்ட பாரதிய சாக்ஷ்ய அதினியமும் நீக்கின. சட்டங்கள் நீங்கின, அவற்றின்மேல் எழுந்த தீர்ப்புகள் நீங்கவில்லை. ஒன்றரை நூற்றாண்டாகத் திரண்ட முன்தீர்ப்புகள் யாவும் பழைய எண்களிலேயே பேசுகின்றன. அவற்றைப் புதிய வழக்கில் எடுத்தாளும் வழக்கறிஞர், எண்ணுக்கு எண் தேடுவதோடு நிற்கலாகாது. அவர் முன் நிற்பது கணிதம் சார்ந்த ஒரு வினா.

சென்னைத் தெருக்களில் வீட்டு வாசல்தோறும் 'பழைய எண், புதிய எண்' என இரண்டு எண்கள் எழுதியிருப்பதைக் காண்கிறோம். அங்கே எண் மட்டும் மாறியது, வீடு மாறவில்லை. சட்டத்திலோ சில வீடுகள் இடிந்தன, சில இணைந்தன, சில புதிதாக எழுந்தன. பழைய எண்ணே வேறொரு வீட்டின் வாசலில் ஏறியதும் உண்டு.

கொலைக்குரிய 302, இன்று 103(1). ஆனால் புதிய தண்டனைச் சட்டத்திலும் 302 உண்டு. அது பிறர் சமய உணர்வைப் புண்படுத்தும் எண்ணத்தோடு பேசுவதைப் பற்றியது. ஊர்வலத்துக்கும் கூட்டத்துக்கும் தடை விதித்த 144, நடைமுறைச் சட்டத்தில் 163 ஆயிற்று. இன்றைய 144 மனைவி, மக்கள், பெற்றோர் ஆகியோரின் வாழ்க்கைப்படியைப் பேசுகிறது. ஆகவே ஒரு பிரிவைச் சுட்டுவதற்கு எண் மட்டும் போதாது. எந்தச் சட்டம், எந்த எண், எந்தக் காலம் என்னும் மூன்றும் சேர்ந்தால்தான் சுட்டு முழுமையாகும்.

பத்தாம் வகுப்புக் கணக்குநூலின் முதல் பாடம் 'உறவுகளும் சார்புகளும்'. ஒரு கணத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் மறு கணத்தில் ஒரே ஒரு நிழல் உரு இருந்தால் அது சார்பு. இல்லையேல் உறவு மட்டுமே. பழைய சட்டத்துக்கும் புதிய சட்டத்துக்கும் இடையில் இருப்பது உறவே, சார்பு அன்று. ஏமாற்றுதலைப் பற்றிய 415, 417, 418, 420 ஆகிய நான்கும் 318 என்னும் ஒரே பிரிவின் உட்பிரிவுகளாயின. இதைச் சார்பும் ஏற்கும். ஆனால் மனைவிக்கு இழைக்கும் கொடுமையைக் கூறிய 498அ, 85, 86 என இரண்டாகப் பிரிந்தது. பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய 497க்கு நிழல் உருவே இல்லை. மறுபுறம், திடீரெனப் பறித்துச் செல்லுதலைக் கூறும் 304, அமைப்புசார் குற்றத்தைக் கூறும் 111 முதலியவற்றுக்குப் பழைய தண்டனைச் சட்டத்தில் நேர் மூலம் இல்லை.

இந்த உறவை அறியாத கணினி செய்யும் பிழையை ஓர் எடுத்துக்காட்டால் காட்டலாம். நடைமுறைச் சட்டத்தில் முன்பிணைக்குரிய பழைய பிரிவு 438, இன்று 482. வழக்கை நீக்கறவு செய்ய உயர் நீதிமன்றத்தை நாடும் பழைய பிரிவு 482, இன்று 528. ஒரு மனுவைத் திறந்து, முதலில் 438ஐ எல்லாம் 482 என்றும், அடுத்து 482ஐ எல்லாம் 528 என்றும் மாற்றச் சொன்னால் என்ன நிகழும்? முதற்படியில் பிறந்த 482களும் இரண்டாம் படியில் 528 ஆகிவிடும். முன்பிணை கேட்ட மனு, வழக்கையே நீக்கக் கேட்ட மனுவாகத் தோன்றும். எனவே மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழாமல், மூலப் பாடத்தை ஒருமுறை மட்டும் படித்து ஒருசேர நிகழ வேண்டும். மேற்கோள் குறிக்குள் இருக்கும் தீர்ப்பின் சொற்களையோ தொடவே கூடாது. 1980இல் உச்ச நீதிமன்றம் குர்பக்ஸ் சிங் சிப்பியா வழக்கில் 438 என்றுதான் எழுதியது. இன்றைய எண்ணைப் பகர அடைப்புக்குள் அருகில் சேர்ப்பதே நேர்மை.

எண் பொருந்தியபின் பாடத்தை ஒப்பிட வேண்டும். தொடர்வண்டி விபத்துகளில் முதலில் நினைவுக்கு வரும் தண்டனைச் சட்டப் பிரிவுகளையே பார்ப்போம். பொதுவழியில் கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுதலைக் கூறிய 279, இன்று 281. தண்டனை ஆறு மாதச் சிறை அல்லது 1,000 ரூபாய் தண்டம் அல்லது இரண்டும் என்பதில் மாற்றமில்லை. கொடுங்காயம் விளைவித்தலைக் கூறிய 338, இன்று 125(ஆ). இரண்டு ஆண்டாக இருந்த சிறையின் மேல்வரம்பு மூன்று ஆண்டாகவும், 1,000 ரூபாய்த் தண்டம் 10,000 ரூபாயாகவும் உயர்ந்தன. ஆகையால் 'கவனக்குறைவு' எது என்று விளக்கிய பழைய தீர்ப்பு இன்றும் துணைநிற்கும். தண்டனை அளவைப் பற்றிய பழைய தீர்ப்பு அப்படியே துணைநில்லாது. ஒரே பிரிவின் ஒரு பாதி தொடர்கிறது, மறு பாதி தொடரவில்லை.

காலம் என்னும் அச்சும் இரண்டாகப் பிரிகிறது. குற்றம் எது, தண்டனை எவ்வளவு என்பவற்றைக் குற்றம் நிகழ்ந்த நாள் முடிவு செய்யும். அன்றிருந்த தண்டனைக்கு மேல் விதிக்கக் கூடாதென அரசமைப்பின் 20(1) ஆம் உறுப்பு தடுக்கிறது. நடைமுறைக்கோ, சூலை 1க்கு முன்பே நிலுவையில் இருந்த புலன்விசாரணையும் விசாரணையும் மேல்முறையீடும் பழைய வழியிலேயே தொடரும் எனப் புதிய நடைமுறைச் சட்டத்தின் 531ஆம் பிரிவு கூறுகிறது. எனவே ஒரே நீதிமன்றத்தில் அடுத்தடுத்து வைத்த இரு வழக்குக் கட்டுகள் இருவேறு சட்டங்களின்படி நடக்கக் கூடும்.

இத்தகைய இடப்பெயர்ச்சி நமக்குப் புதிதன்று. 1898ஆம் ஆண்டின் நடைமுறைச் சட்டத்தில் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம் 561அ என்னும் எண்ணில் இருந்தது. 1974 ஏப்பிரல் 1 முதல் அது 482 ஆயிற்று, இப்போது 528. 1960இல் ஆர்.பி. கபூர் வழக்கில் 561அ பற்றி உச்ச நீதிமன்றம் வகுத்த நெறியும், 1990இல் பசன்லால் வழக்கில் 482 பற்றி வகுத்த நெறியும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். இன்றைய எண்ணை மட்டும் தேடுபவருக்கு அவ்விரண்டுமே அகப்படா. நல்ல தேடுபொறி மூன்று எண்களையும் ஒரே முடிச்சில் கட்டியிருக்க வேண்டும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 'சங்கலன்' என்னும் செயலியில் பழைய, புதிய பிரிவுகளை ஒப்பிட்டு வழங்குகிறது. அது நல்ல தொடக்கம். எனினும் ஒவ்வோர் இணைக்கும் அருகில் உறவின் வகையையும் குறித்தால்தான் அட்டவணை முழுப்பயன் தரும்: சொல் மாறாதது, தண்டனை மட்டும் மாறியது, பொருள் விரிந்தது, இணைந்தது, பிரிந்தது, நீங்கியது, புதியது. முதல் வகையில் பழைய தீர்ப்பைத் தயக்கமின்றி எடுத்தாளலாம். ஏனையவற்றில், மாறிய சொற்கள் தம் வழக்கைத் தொடுகின்றனவா என்று வழக்கறிஞர் இரு பாடங்களையும் பக்கத்தில் வைத்துப் படித்தாக வேண்டும். அட்டவணை அவருக்கு நாட்களை மிச்சப்படுத்தும்; அந்தப் படிப்பை அவருக்காகச் செய்து தராது.