உடைந்த பீடிங்கை வீட்டிலேயே உருவாக்கலாம்

பழைய வீடுகளின் கதவு நிலையிலோ சாளரத்திலோ ஓரிடத்தில் மட்டும் பீடிங் உடைந்திருப்பதுண்டு. அதே வடிவம் இன்று கடைகளில் கிடைப்பது அரிது. ஆறடி நீளப் பட்டிக்காக எஞ்சிய நல்ல தேக்கு வேலைப்பாட்டையும் அகற்றுவது வீண்செலவு. ரூட்டர் மேசை ஒன்று இருந்தால் அப்பட்டியை நாமே உருவாக்கிக்கொள்ளலாம். ஆனால் முறை தவறினால் மரம் மட்டுமன்றி விரல்களும் பாதிக்கப்படும்.

ரூட்டர் என்பது வேகமாகச் சுழலும் பிட்டினால் மரத்தின் விளிம்பைச் செதுக்கும் மின்கருவி. அதனை மேசைப் பலகையின் அடியில் தலைகீழாகப் பொருத்தினால் பிட் மட்டும் மேலே நீட்டி நிற்கும். கருவி அசையாது, மரத்தையே நாம் நகர்த்துகிறோம். பிட்டை ஒட்டி அமைக்கப்படும் நேரான தடுப்புக் கட்டை, வெட்டின் ஆழத்தை வரையறுக்கிறது.

முதலில் பழைய பட்டியின் ஒரு முனையை நேராக அறுத்து, காகிதத்தில் வைத்துப் பென்சிலால் அதன் வடிவத்தை வரைந்துகொள்ளுங்கள். பெரும்பாலான பீடிங்குகள் புறவளைவு, உட்குழிவு, படி ஆகிய சில எளிய வடிவங்களின் சேர்க்கையே. ஆகவே சிக்கலாகத் தோன்றும் வடிவத்தையும் இரண்டு மூன்று பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்தி உருவாக்க இயலும். கழிவுத் துண்டில் சோதித்து, வரைபடத்துடன் ஒப்பிட்ட பின்னரே நல்ல மரத்தைத் தொட வேண்டும்.

மெல்லிய பட்டியை நேரடியாகச் செதுக்க முற்படுவதே பலர் செய்யும் தவறு. அது அதிர்ந்து உடையும். கையும் பிட்டை நெருங்கிவிடும். அகன்ற பலகையின் விளிம்பில் வடிவத்தைச் செதுக்கிய பிறகு, தேவையான அகலத்திற்குப் பட்டியை அறுத்தெடுப்பதே சரியான முறை. நன்கு உலர்ந்த, முடிச்சற்ற, நேரான நாரோட்டமுள்ள பலகையைத் தேர்ந்தெடுங்கள்.

மேலிருந்து நோக்கினால் பிட் இடஞ்சுழியாகச் சுழலும். எனவே தடுப்புக் கட்டையை நோக்கி நிற்பவர் பலகையை வலமிருந்து இடமாக நகர்த்த வேண்டும். எதிர்த்திசையில் நகர்த்தினால் பிட் பலகையைப் பற்றி இழுத்து வீசிவிடும். பிட்டுக்கும் தடுப்புக் கட்டைக்கும் இடையே ஒருபோதும் மரத்தைச் செலுத்தலாகாது. பலகையின் கடைசிப் பகுதியைக் கையால் அன்றித் தள்ளுகட்டையால் நகர்த்துங்கள்.

முழு ஆழத்தையும் ஒரே முறையில் வெட்டாமல், ஒவ்வொரு முறையும் சுமார் 3 மி.மீ. அளவே வெட்டுங்கள். இறுதி முறை மிக மெல்லியதாக இருந்தால் பரப்பு வழவழப்பாக அமையும். மரம் கருகினால், பிட் மழுங்கியிருக்கலாம் அல்லது நகர்த்தும் வேகம் குறைவாக இருக்கலாம். பெரிய பிட்டுகளுக்குச் சுழற்சி வேகத்தைக் குறைப்பது அவசியம்.

பிட்டை மாற்றுமுன் மின்னிணைப்பைத் துண்டியுங்கள். கண்ணாடியும் முகக்கவசமும் அணியுங்கள். கையுறை, துப்பட்டா, தளர்ந்த உடை ஆகியவற்றைத் தவிர்த்திடுங்கள்.

கருவி வாங்குமுன் ஒரு கணக்கும் தேவை. ஒரே ஒரு பட்டிதான் வேண்டுமெனில், ரூட்டர் வைத்திருக்கும் தச்சரிடம் வரைபடத்தைக் கொடுப்பதே சிக்கனம். வீட்டில் தொடர்ந்து மரவேலை செய்பவருக்கே இது பயன்தரும் முதலீடு. அவரும் தள்ளுகட்டைக்கும் கண்ணாடிக்கும் ஆகும் செலவை அந்தக் கணக்கில் முதலில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.