ஓடாத பேரிங்கும் தேயும்

திருநெல்வேலி மாவட்டத்தில் இயந்திரங்கள் என்றைக்குமே பருவத்தை நம்பித்தான் ஓடி வந்திருக்கின்றன. 1885இல் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் தொடங்கிய நூற்பாலை ஆற்று நீரின் விசையில் ஓடியது. இன்று பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை கணவாய்க் காற்றில் ஓயாமல் சுழல்கின்றன. சீசன் முடிந்ததும் பல நாள் சும்மா நிற்கின்றன. அரிசி ஆலைகளும் கார், பிசானப் பருவ நெல் அறுவடையாகி வரும்போது இரவு பகலாக ஓடுகின்றன, இடையில் ஓய்கின்றன. நிற்கிற இயந்திரத்துக்கு ஏது தேய்மானம் என்று பூட்டிவிட்டு வருகிறோம். பேரிங்கைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை ஆபத்தானது.

ஷாஃப்ட் சுற்றும்போது பேரிங்கின் குண்டுக்கும் அதைத் தாங்கும் ரேஸுக்கும் நடுவே எண்ணெய் இழுபட்டு ஒரு படலமாகிறது. அதன் கனம் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாத அந்தப் படலம்தான் டன் கணக்கான பாரத்திலும் இரும்பைக் காப்பாற்றுகிறது. சுற்று நின்றால் பாரம் எண்ணெயைப் பிதுக்கித் தள்ளிவிடும். உலோகத்தின் மேல் உலோகம் உட்கார்ந்துவிடும்.

அசையாமல் உட்கார்ந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பக்கத்து மோட்டார் ஓடினால் தரை அதிர்கிறது. பிரேக் போட்டு நிறுத்திய காற்றாலையின் இறக்கைகளை வாடைக்காற்று லேசாக ஆட்டிக்கொண்டே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஆட்டத்தில் குண்டு ஒரே இடத்தில் முன்னும் பின்னும் உரசுகிறது. புது எண்ணெயை உள்ளே இழுக்க அந்த அசைவு போதாது. உதிரும் இரும்புத் துகள் துருவாகி, அந்தத் துருவே மேலும் அரைக்கிறது.

1930களில் அமெரிக்காவின் டெட்ராய்ட்டிலிருந்து ரயிலேற்றி அனுப்பிய புதுக் கார்களில் இது பெரும் தலைவலியானது. சக்கரங்களைக் கட்டிவைத்து அனுப்பினார்கள். ஒரு மைல்கூட ஓடாத வண்டிகளின் சக்கர பேரிங்குகள் போய்ச் சேர்ந்த இடத்தில் குழிவிழுந்து கிடந்தன. ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த ஆல்மென் 1937இல் இந்தச் சேதத்தைப் பற்றி எழுதினார்.

இப்படிக் கெட்ட பேரிங்கைக் கழற்றிப் பார்த்தால் ரேஸில் பல்லாங்குழிபோலச் சம இடைவெளியில் குழிகள் இருக்கும். குண்டுகளின் இடைவெளியும் அதுவே. கிரீஸ் செம்பழுப்பாக மாறியிருக்கும். சுத்தியலால் அடித்துப் பூட்டினாலும் இதே இடைவெளியில் குழி விழும் என்பதால் பழி பல நேரம் ஃபிட்டர் தலையில் விழுகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அடியால் விழுந்த குழிக்குள் ரேஸைச் சாணை பிடித்த மெல்லிய கோடுகள் அப்படியே இருக்கும். உரசலால் விழுந்ததில் அவை அழிந்திருக்கும். அவரைக் குற்றம் சொல்லுமுன் இதைப் பார்த்துவிடுவதுதான் நியாயம்.

கேட்லாக்கை நம்பியும் பயனில்லை. அதில் பேரிங்கின் ஆயுள் பத்து லட்சம் சுற்றுகளை ஓர் அலகாக வைத்துக் கணக்கிடப்படுகிறது. அதுவும் நூற்றுக்குத் தொண்ணூறு பேரிங்குகள் எட்டிப்பிடிக்கும் அளவுதான். சுற்றாமல் நின்ற மாதங்களுக்கு அந்தச் சூத்திரத்தில் இடமே இல்லை.

அரிசி ஆலையில் இந்தக் குழி பேரிங்கோடு நிற்காது. குழிவிழுந்த பேரிங் ஓடத் தொடங்கினால் இரையும், சூடேறும். எலிவேட்டரின் உச்சியில், யார் கையும் எட்டாத இடத்தில், அதன்மேல் உமியும் தவிட்டுத் தூசியும் படிந்து கிடக்கும். தானியம் கையாளும் இடங்களில் தீப்பிடிக்க உலகெங்கும் அறியப்பட்ட காரணங்களில் ஒன்று சூடேறிய பேரிங். ஓய்வுக்குப் பின் ஆலையை ஓட்டும் முதல் நாளில் பாரம் ஏற்றாமல் ஓட்டி, ஒவ்வொரு பேரிங்கின் சூட்டையும் சத்தத்தையும் பார்த்துவிட வேண்டும். பேரிங் சூடானதும் கிரீஸ் கன்னை எடுத்து அடைப்பது இன்னொரு கெட்ட பழக்கம். அளவுக்கு மிஞ்சிய கிரீஸ் கடைபட்டே சூட்டை ஏற்றும்.

நிற்கும் காலத்துக்கான வேலை செலவில்லாதது. மெயினை அணைத்து ஃபியூஸைக் கழற்றிய பிறகு, வாரம் ஒருமுறை ஷாஃப்ட்டைக் கையால் சில சுற்று சுற்றி, முன்பு நின்ற இடத்தில் நிற்காதபடி விட வேண்டும். மாற்று மோட்டாரை ஓடும் மோட்டாரின் அதே மேடையில் வைக்கக் கூடாது. காற்றாலையில், தயாரிப்பாளரின் கையேடு அனுமதித்தால், பிரேக்கைப் பூட்டிவைக்காமல் இறக்கைகளை மெதுவாகச் சுற்றவிடுவது நல்லது.

பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கவும் ஆயுளை நீட்டிக்கவும் தமிழக அரசு 2024இல் ஒரு கொள்கையை வெளியிட்டது. இருபது ஆண்டைத் தாண்டிய இயந்திரத்தை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்ற கேள்வி இனிப் பல உரிமையாளர்களிடம் வரும். ஓடிய மணிநேரக் கணக்கை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. எத்தனை நாள், எந்த மாதத்தில், பிரேக் போட்டா போடாமலா நின்றது என்ற கணக்கையும் கேட்டு வாங்க வேண்டும். அது கிடைக்காவிட்டால், கியர்பாக்ஸைத் திறந்து பேரிங்குகளைப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.