நாலு சக்கரமும் இழுக்குமா?
பழைய ஜீப் வாங்குகிறவர்கள் வீட்டு வாசலிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள்

திருப்பூர் ராயபுரத்தில் பனியன் துணியைப் பார்த்தே மெஷினின் நோயைச் சொல்லிவிடுகிறவர்கள் பலர் உண்டு. துணியில் நெட்டுக்குத்தாகக் கோடு விழுந்தால் ஊசியைப் பார்க்கிறார்கள். குறுக்கே கோடு விழுந்தால் நூலைப் பார்க்கிறார்கள். மெஷினை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றுவதில்லை. அது விட்டுச் செல்லும் தடத்தைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்!

இதே வித்தை பழைய ஜீப்புக்கும் பிக்கப் வண்டிக்கும் செல்லும்.

உடுமலைப்பேட்டை மலையடிவாரத்தில் ஒரு குடும்பத்துக்குக் கொஞ்சம் தோட்டம் இருக்கிறது. மழை பெய்தால் வண்டிப்பாதை சேறாகிவிடும். பல வருஷம் தறியிலும் தையலிலும் உழைத்துச் சேர்த்த பணத்தில் பழைய ஜீப் ஒன்று வாங்க நினைக்கிறார்கள். அங்கே நடக்கும் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

“ஏனுங்கண்ணா, நாலு சக்கரமும் இழுக்குமுங்களா?”

“என்னங்க இப்படிக் கேட்டுப்போட்டீங்க? மலையே ஏறுமுங்க!”

பணம் கை மாறுகிறது. முதல் மழையில் வண்டி சேற்றில் நிற்கிறது. பின் சக்கரம் மட்டும் சுற்றுகிறது. முன் சக்கரம் சும்மா நிற்கிறது! சேமித்த பணமும் சேற்றில்தான்.

இப்படி ஏமாறாமல் இருக்க என்ன வழி? பெரிய படிப்பு வேண்டாம். கொஞ்சம் விஷயம் தெரிந்தால் போதும்.

யுத்தம் தந்த வண்டி

ஜீப் இரண்டாம் உலக யுத்தத்தில் பிறந்தது. அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ், போர்டு என்ற இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. சேறு, மணல், பனி எதுவானாலும் நாலு சக்கரமும் இழுத்ததால் வண்டி நிற்கவில்லை.

1947-ல் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளைப் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. அன்று முதல் நம் நாட்டு மலைப்பாதைகளுக்கும் ஜீப்புக்கும் உறவு ஏற்பட்டுவிட்டது. தேனி மாவட்டத்தில் உள்ள கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து இன்றைக்கும் ஜீப்பில்தான் ஏறிப் போகிறார்கள்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. ஜீப் மாதிரி இருப்பதெல்லாம் நாலு சக்கர இழுவை வண்டி அல்ல! ஒரே உருவத்தில் இரண்டு சக்கர இழுவையும் வரும், நாலு சக்கர இழுவையும் வரும். மகிந்திரா கமாண்டர் அப்படித்தான் வந்தது. புதிய தார் வண்டியிலும் 2023-ல் பின் சக்கரம் மட்டும் இழுக்கும் ரகம் விற்பனைக்கு வந்தது. ஆகவே வெளித்தோற்றத்தை நம்பக்கூடாது.

வலு எந்த வழியில் போகிறது?

என்ஜினின் வலு முதலில் கியர் பெட்டிக்கு வருகிறது. அதை ஒட்டி இன்னொரு பெட்டி இருக்கிறது. அதற்கு டிரான்ஸ்பர் கேஸ் என்று பெயர். வாய்க்காலில் மதகு எப்படியோ, வண்டியில் இந்தப் பெட்டி அப்படி. மதகை ஒரு பக்கம் திறந்தால் வலு பின் சக்கரத்துக்கு மட்டும் போகும். இரண்டு பக்கமும் திறந்தால் முன்னுக்கும் பின்னுக்கும் போகும்.

பெட்டியிலிருந்து முன்பக்கம் ஒரு நீளமான இரும்புத் தண்டு போகிறது. அதுதான் முன் ஷாப்ட். அதன் இரண்டு முனையிலும் கிராஸ் ஜாயின்ட் இருக்கும். ஷாப்ட் சுற்றினால் அச்சுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் சுற்றும். அது இரண்டு பக்கத்துச் சக்கரங்களையும் சுற்றும். பல பழைய வண்டிகளில் சக்கரத்தின் நடுவில் ஹப் லாக் என்ற பூட்டு ஒன்றும் உண்டு. அதைப் பூட்டினால்தான் சக்கரத்துக்கு வலு சேரும்.

பெட்டி, ஷாப்ட், கிரவுன் பினியன், ஹப் லாக். சங்கிலியில் நாலு கண்ணிகள். எந்தக் கண்ணி அறுந்தாலும் முன் சக்கரம் இழுக்காது. எந்தக் கண்ணி அறுந்தது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

முதலில் டயரைப் பாருங்கள்

தையல் டேப் இல்லாத வீடு ராயபுரத்தில் அபூர்வம். அதை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு டயரிலும் ஒரே அளவு காற்று இருக்கட்டும். டயரின் அடியில் ஒரு சுண்ணாம்புக் கோடு, அதற்கு நேரே தரையில் ஒரு கோடு போடுங்கள். டயர் சரியாக ஒரு சுற்றுச் சுற்றும்வரை வண்டியைத் தள்ளுங்கள். தரையில் இரண்டாவது கோடு போடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். தையல் டேப் 60 அங்குலம்தான். ஆகையால் இரண்டு முறை வைத்து அளக்க வேண்டியிருக்கும். நாலு டயருக்கும் இப்படியே செய்யுங்கள்.

முன் டயர் 88 அங்குலம், பின் டயர் 86 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட 10 சுற்று அதிகம் சுற்றியாக வேண்டும்! நாலு சக்கர இழுவையில் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டியிருக்கும்போது இந்த வித்தியாசம் எங்கே போகும்? ஷாப்டையும் பல் சக்கரங்களையும் முறுக்கும். டயர் ஒத்துப்போகாத வண்டியில் வேறு நோய் தேடுவது வீண்.

குனிந்து பாருங்கள்

அடுத்தபடியாக வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். முன் ஷாப்ட் இருக்கிறதா? சிரிக்காதீர்கள். அதைக் கழற்றிவிட்டே ஓட்டுகிறவர்கள் உண்டு. ஷாப்ட் இல்லாவிட்டால் கம்பியை எப்படிப் போட்டாலும் முன் சக்கரம் இழுக்காது.

ஷாப்ட் இருந்தால் அதைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கிராஸ் ஜாயின்டில் லொடலொடவென்று ஆட்டம் இருந்தால் அது தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். டிரான்ஸ்பர் கேஸின் அடியில் ஆயில் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே உள்ள ஆயில் பால் கலந்த காபி போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. இரும்புத் துகள் மின்னினால் பல் தேய்கிறது.

ஜாக்கி சோதனை

இதுதான் முக்கியமான சோதனை. இதில்தான் ஆபத்தும் இருக்கிறது. ஆகையால் கவனமாகப் படியுங்கள்.

சமதரையில் வண்டியை நிறுத்துங்கள். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஹேண்டு பிரேக் போடுங்கள். அதை மட்டும் நம்பவேண்டாம். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். முன்பக்கத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கி, அச்சுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டுகள் வையுங்கள். செங்கலோ ஹாலோ பிளாக்கோ வைக்கவே கூடாது. பாரத்தில் அது சொல்லாமல் நொறுங்கும். பின்பக்கத்தைத் தூக்கவேண்டாம். பழைய ஜீப்புகளில் ஹேண்டு பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. பின் ஷாப்டைத்தான் பிடிக்கிறது. ஒரு பின் சக்கரம் மேலே எழும்பினாலும் வண்டி உருண்டுவிடும். இந்தச் சோதனையில் எப்போதும் என்ஜினை ஓடவிடாதீர்கள். குழந்தைகள் பக்கத்தில் வரக்கூடாது.

இப்போது ஹப் லாக்குகளைப் பூட்டுங்கள். கம்பியை இரண்டு சக்கர இழுவையில் வைத்து, முன் ஷாப்டைக் கையால் சுற்றுங்கள். அது சுற்ற வேண்டும். பிறகு கம்பியை நாலு சக்கர இழுவைக்கு மாற்றுங்கள். மறுபடி ஷாப்டைச் சுற்றுங்கள். இப்போது அது சிறிது அசைந்து நின்றுவிட வேண்டும். ஏனென்றால் அது தரையில் நிற்கும் பின் சக்கரத்தோடு பூட்டப்பட்டுவிட்டது. அப்படி நிற்காமல் தாராளமாகச் சுற்றினால் நோய் டிரான்ஸ்பர் கேஸிலோ கம்பியிலோ இருக்கிறது.

ஷாப்ட் நின்றுவிட்டதா? நல்லது. இப்போது இடது முன் சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றுங்கள். வலது சக்கரம் பின்னோக்கிச் சுற்ற வேண்டும். சுற்றினால் முன் அச்சில் தொடர்பு அறுபடவில்லை. வலது சக்கரம் அசையாமல் நின்றால் இரண்டு சக்கரத்துக்கும் இடையில் ஏதோ அறுந்திருக்கிறது. ஹப் லாக், உள்ளச்சு, கிரவுன் பினியன் இவற்றில் ஒன்று. முதலில் ஹப் லாக்கைப் பாருங்கள். அதைப் பார்ப்பதுதான் சுலபம், செலவும் குறைவு.

பொத்தானை அழுத்தி நாலு சக்கர இழுவைக்கு மாற்றும் புதிய வண்டிகளுக்கு இந்தச் சோதனை அப்படியே ஒத்துவராது. அவற்றில் முதலில் பியூஸையும், டாஷ்போர்டில் விளக்கு எரிகிறதா என்பதையும் பாருங்கள். மற்றதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

சத்தம் சொல்லும் சேதி

ஜாக்கியை இறக்கிவிட்டு, மண் தரையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். தார் ரோடு கூடாது.

வண்டி கிளம்பும்போது டணக் என்று ஒரு சத்தம் கேட்டால் கிராஸ் ஜாயின்டைச் சந்தேகியுங்கள். வேகத்தோடு சேர்ந்து உயரும் ரீங்காரம் கேட்டால் பேரிங்கையோ கிரவுன் பினியனையோ சந்தேகியுங்கள். வளைவில் கடக் கடக் என்று கேட்டால் முன் அச்சின் ஜாயின்ட். கம்பி தானாகவே நழுவி இரண்டு சக்கரத்துக்குத் திரும்பினால் பெட்டிக்குள் தேய்மானம்.

இவை நோய் அல்ல!

சில சமயம் நோயே இல்லாத வண்டிக்கும் வைத்தியம் நடக்கிறது. நாலு சக்கர இழுவையைப் போட்டுக்கொண்டு தார் ரோட்டில் ஓட்டுவார்கள். வளைவில் முன் சக்கரம் பெரிய வட்டம் போடும்; பின் சக்கரம் சிறிய வட்டம் போடும். இந்த வித்தியாசத்தைத் தார் ரோடு விட்டுக்கொடுக்காது. உள்ளே முறுக்கு ஏறும். ஸ்டீயரிங் கனக்கும். கம்பி இறுகிக்கொண்டு திரும்பி வர மறுக்கும். உடனே பெட்டி போய்விட்டது என்று பயப்படவேண்டாம். வண்டியை நேராகச் சில அடி பின்னால் எடுங்கள். முறுக்கு அவிழும். கம்பி தானே இறங்கும்.

இன்னொன்று. சேற்றில் மாட்டிய வண்டியில் முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் மட்டும் சுற்றலாம். இதுவும் பழுது அல்ல. பிடிமானம் இல்லாத சக்கரத்துக்கே சுழற்சியை விடுவது சாதாரண டிபரன்ஷியலின் குணம்.

எங்கே நிறுத்திக்கொள்வது?

நோயைக் கண்டுபிடிப்பது வேறு, வைத்தியம் செய்வது வேறு. டிரான்ஸ்பர் கேஸை வீட்டில் பிரிக்கவேண்டாம். கிரவுன் பினியனின் பல் இடைவெளியைத் தலைமுடி அளவுக்கு அளந்து வைக்க வேண்டும். அதற்குத் தனிக் கருவி உண்டு. அது கைதேர்ந்த மெக்கானிக்கின் வேலை.

ஆனால் அவரிடம் போகும்போது, “வண்டி சரியில்லைங்க” என்று சொல்வது ஒரு விதம். “கம்பி போட்டும் முன் ஷாப்ட் நிற்கவில்லைங்க” என்று சொல்வது இன்னொரு விதம். முதலாவதில் எல்லாவற்றையும் பிரிப்பார்கள். இரண்டாவதில் ஒன்றை மட்டும் பிரிப்பார்கள். விலை பேசும்போதும் அப்படியே. குறை தெரிந்தவன் குறைத்துக் கேட்கலாம். அல்லது கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம்.

மாட்டை வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான். ஜீப்பை வாங்குகிறவன் ஷாப்டைப் பிடித்துப் பார்க்க வேண்டும். சேற்றில் நின்றபின் பார்ப்பதைவிட, வாசலில் நிற்கும்போதே பார்ப்பது நல்லது அல்லவா?