கண்ணுக்குத் தெரியாத விமானமா? ஸ்டெல்த் பற்றி மாணவர்கள் அறிய வேண்டியவை

அண்மையில் தரம் 10 வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, "சேர், துருக்கி செய்த கான் போர் விமானம் கண்ணுக்கே தெரியாதாமே, உண்மையா?" என்று கேட்டான். வட்ஸ்அப்பில் வந்த வீடியோவாம். கோமாரியிலிருந்து கல்முனை வரை பெரியவர்களும் இதை நம்பிப் பகிர்கிறார்கள். ஆகவே இதைச் சற்று விளக்க வேண்டியுள்ளது.

ஸ்டெல்த் விமானம் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். அது ஒளிவது ராடரிடமிருந்துதான். ராடர் வானொலி அலைகளை அனுப்பி, விமானத்தில் பட்டுத் திரும்பி வரும் அலையைக் கொண்டு அதைக் கண்டுபிடிக்கிறது. அந்த அலை திரும்பி வராமல் செய்வதே ஸ்டெல்த் வடிவமைப்பு.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இருட்டில் கண்ணாடிக்கு நேராக டோர்ச் அடித்தால் வெளிச்சம் நம் முகத்துக்கே திரும்பும். கண்ணாடியைச் சற்றுச் சரித்தால் அது சுவருக்குப் போய்விடும். 1977இல் பறந்த அமெரிக்காவின் ஹேவ் புளூ என்ற மாதிரி விமானத்தின் உடல் முழுவதும் இவ்வாறு சரிந்த தட்டைத் தகடுகளால் அமைக்கப்பட்டது. வளைந்த பரப்புகளைக் கணக்கிட அன்றைய கணினிகளால் முடியவில்லை.

இன்றைய வடிவங்களில் கவனிக்க வேண்டியவை நான்கு. வால் சிறகுகள் நிமிர்ந்து நிற்காமல் வெளிப்புறம் சரிந்திருக்கும். குண்டுகளும் ஏவுகணைகளும் வயிற்றுக்குள் இருக்கும். எஞ்சினின் சுழலும் தகடுகள் முன்னாலிருந்து தெரியாதவாறு காற்றுக் குழாய் வளைந்திருக்கும். மேற்பரப்பில் அலையை உறிஞ்சும் பூச்சு இருக்கும்.

இத்தனைக்கும் ஓர் எல்லை உண்டு. திரும்பும் அலையைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும், ராடர் கண்டுபிடிக்கும் தூரம் பத்தில் ஒரு பங்காகவே குறையும். 200 கிலோமீற்றரில் தெரிந்தது 20 கிலோமீற்றரில் தெரியும். 1999 மார்ச் 27இல் சேர்பியாவில் அமெரிக்காவின் எஃப்-117 ஸ்டெல்த் விமானம் பழைய சோவியத் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டதை மறக்கக் கூடாது.

மாதிரி விமானம் என்பது முடிந்த விமானமும் அல்ல. கான் முதன்முதலில் 2024 பெப்ரவரி 21இல் 13 நிமிடங்கள் பறந்தது. அதில் பூட்டியிருந்தவை அமெரிக்க எஃப்-110 எஞ்சின்கள். நமது அயல்நாடான இந்தியாவின் அம்கா திட்டத்துக்கு 2024 மார்ச்சில் சுமார் 15,000 கோடி இந்திய ரூபா ஒதுக்கப்பட்டது. 5 மாதிரி விமானங்கள் செய்யப்பட உள்ளன. 2025 பெப்ரவரியில் பெங்களூரு கண்காட்சியில் வைக்கப்பட்டது பறக்காத முழு அளவு உருவமே. அதன் முதல் தொகுதிக்கும் அமெரிக்க எஞ்சினே திட்டமிடப்பட்டுள்ளது. வெளி வடிவத்தை வரைவதை விட எஞ்சினைச் சொந்தமாகச் செய்வது எவ்வளவு கடினம் என்பது இதிலிருந்து விளங்கும்.

அந்த மாணவனிடம் ஒரு கண்ணாடியையும் டோர்ச்சையும் கொடுத்தேன். நமது பிள்ளைகள் இப்படிக் கேள்வி கேட்பது நல்லது. பதிலை வட்ஸ்அப்பில் தேட விடாமல், விஞ்ஞானப் பாடத்தில் தேட வைப்பது ஆசிரியர்களும் பெற்றோருமான நமது பொறுப்பு.